முழங்கைச் சந்தை

எனக்கு பேஸ்பாலை அறிமுகம் செய்துவைத்தது 24346 என்கிற எண்.

பெருங்குடியில் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன். படித்தது பிசியோதெரபி. முடித்ததும் ஒரு கிளினிக்கில் எட்டு மாதம் இருந்தேன். அங்கே கொடுத்த சம்பளம் பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாகப் போனது. அப்புறம் என் பேட்ச் பிள்ளைகளில் பாதிப் பேர் செய்ததையே நானும் செய்தேன். அமெரிக்காவில் யாருக்கோ நடந்த அறுவை சிகிச்சையைப் பற்றி டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, அதற்கு உரிய எண்ணைப் போட வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும். நான் எலும்பு, மூட்டு டீம்.

சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு சார்ட், அதாவது அப்படிப்பட்ட குறிப்பு, வந்தது. முழங்கையின் உள்பக்க லிகமென்ட், அதாவது எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் பட்டை, கிழிந்துபோய், மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு நாணை (டெண்டன்) எடுத்து அங்கே வைத்துக் கட்டியிருந்தார்கள். கட்டியதற்கு 24346, நாணை எடுத்ததற்கு 20924 என்று நான் இரண்டு எண் போட்டேன். ஆடிட்டில் சிவப்பு விழுந்தது. நாணை எடுக்கிற வேலையும் முதல் எண்ணுக்குள்ளேயே அடக்கம். தனியாகப் போட்டால் ஒரே வேலைக்கு இரண்டு தடவை காசு கேட்ட மாதிரி. டீம் லீட் அக்கா பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: "இது டாமி ஜான் சர்ஜரிம்மா. ஸ்கூல் பசங்க, காலேஜ் பசங்கன்னு வந்துக்கிட்டே இருக்கும். மறந்துடாதே." அன்று ராத்திரி கேபில் வீட்டுக்குப் போகும்போது, யார் இந்த டாமி ஜான் என்று போனில் தேட ஆரம்பித்தேன். ஓ.எம்.ஆர். டிராஃபிக்குக்கு அது போதாமல் பேஸ்பால் முழுவதையும் படிக்க வேண்டியதாகிவிட்டது.

டாமி ஜான் இடது கை பிட்சர், பேஸ்பாலில் பந்து எறிபவர். 1974-ல் அவருக்கு முழங்கை போனது. ஃபிராங்க் ஜோப் என்ற டாக்டர், வலது கையிலிருந்து நாணை எடுத்து இடது முழங்கையில் கட்டினார். அதுவரை யாரும் பிட்சருக்கு அப்படிச் செய்ததில்லை. 1976-ல் திரும்ப வந்தவர், அதன் பிறகு மட்டும் 164 ஆட்டம் ஜெயித்தார்.

கிரிக்கெட்டில் முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் அது எறிதல், செல்லாது. அதனால் நம் வேகப்பந்துக்காரர்களுக்கு முதுகும் தோளும்தான் போகும், முழங்கை பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். பிட்சருக்கோ மடக்கி எறிவதுதான் தொழிலே. ஓடி வந்து வேகம் சேர்க்கவும் வழியில்லை. நின்ற இடத்திலிருந்தே மணிக்கு 150 கிலோமீட்டர். அதையும் ஒரே நாளில் 90, 100 தடவை. அத்தனை விசையையும் சுண்டுவிரலைவிடச் சன்னமான ஒரு பட்டை தாங்குகிறது.

என் தம்பி லீக்கில் கீழ் டிவிஷன் டீம் ஒன்றுக்குப் பந்து வீசுகிறான். இப்போது முதுகில் ஸ்ட்ரெஸ் பிராக்சர், நாலு மாதமாக வீட்டில். இந்த நாண் கதையைச் சொன்னபோது நம்பவில்லை. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் தொடவைத்து மணிக்கட்டை லேசாக மடக்கச் சொன்னேன். நடுவில் கயிறு மாதிரி ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. அவனுக்கு ஒரே சந்தோஷம். சிலருக்கு இது பிறவியிலேயே இருக்காது என்றதும் அம்மாவைக் கூப்பிட்டான். அம்மாவுக்கு இரண்டு கையிலும் இல்லை.

"அப்போ எனக்கு அந்த ஆப்பரேஷன் பண்ண முடியாதா?"

"கால்ல இருந்து எடுப்பாங்கம்மா."

"நல்லாருக்கு. போய் தயிர் வாங்கிட்டு வா."

இந்த நாண் விஷயம் புரிந்த பிறகுதான், நவம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே நடக்கும் கூத்தும் புரிந்தது. ஆட்டமே இல்லாத மாதங்கள் அவை. பெரிய லீக்கில் ஆறு வருஷ சர்வீஸ் முடித்து, ஒப்பந்தமும் தீர்ந்த வீரர் ஃப்ரீ ஏஜென்ட். யாரோடு வேண்டுமானாலும் பேசலாம், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். சுத்தியல் கிடையாது, மேடை கிடையாது. முகவர் போன் பேசுவார், அவ்வளவுதான்.

இது சும்மா வந்த உரிமை இல்லை. ஒரு காலத்தில் ஒரு டீம் உங்களை எடுத்துவிட்டால் ஆயுசுக்கும் அவர்கள் ஆள். 1969-ல் கர்ட் ஃபிளட் என்பவரை அவர் டீம் வேறு ஊருக்கு மாற்றிவிட்டது. போக மாட்டேன் என்று சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1972-ல் தோற்றார், அவருடைய ஆட்டமும் அதோடு போயிற்று. 1975 டிசம்பரில், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமலே அந்த சீசனில் ஆடிய இரண்டு பிட்சர்கள், ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித்தும் டேவ் மெக்னாலியும், பீட்டர் சைட்ஸ் என்ற, ஒப்பந்தத் தகராறு தீர்க்கும் நடுவரிடம் ஜெயித்தார்கள். கதவு திறந்தது. திறந்தது பிட்சர்கள் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

தம்பிக்கு ஐ.பி.எல். ஏலம்தான் எல்லாம். 2023 டிசம்பர் 19, துபாய். முதலில் பேட் கம்மின்ஸ் 20.5 கோடி என்று வாயைப் பிளந்தான். அதே நாளில் மிட்செல் ஸ்டார்க் 24.75 கோடி. அந்த வாரமே இன்னொரு செய்தியை நான் அவனிடம் காட்டினேன். யோஷினோபு யமமோட்டோ, வயசு 25, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், 12 வருஷம், 325 மில்லியன் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 2,700 கோடி ரூபாய். போதாததற்கு ஜப்பானில் அவர் ஆடிய டீமுக்கும் 50 மில்லியனுக்கு மேல் தனியாகக் கொடுத்தார்கள்.

"எத்தனை விக்கெட் எடுத்திருக்கான்க்கா அங்கே?"

"அங்கே இன்னும் ஒரு பந்துகூடப் போடலைடா."

அதன் பிறகு அரை மணி நேரம் என்னோடு பேசவில்லை.

அடுத்த மே மாதம் அவனுக்கு நாள் வந்தது. ஏலத்தில் கம்மின்ஸை எடுத்த ஐதராபாத்தும் ஸ்டார்க்கை எடுத்த கொல்கத்தாவும் நம்ம சேப்பாக்கத்தில் இறுதி ஆட்டம். தம்பி நேரில் போயிருந்தான். முதல் ஓவரிலேயே ஸ்டார்க் அபிஷேக் சர்மாவின் ஸ்டம்பைப் பறக்கவிட்டார். ஐதராபாத் 113-க்குச் சுருண்டது. ஆட்ட நாயகன் ஸ்டார்க். "24.75 கோடி வசூலாயிடுச்சு. உன் ஜப்பான்காரன் எங்கே?" என்று மெசேஜ். அடுத்த மாதமே என் ஜப்பான்காரருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டு, செப்டம்பர் வரை ஆளைக் காணோம். நான் பதில் பேசவில்லை.

பதில் 2025 நவம்பர் 2-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை கிடைத்தது. பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் டொரான்டோவுக்கு எதிராக ஆறாவது ஆட்டத்தில் யமமோட்டோ 96 பந்து போட்டு ஜெயித்திருந்தார். சாதாரணமாக அதற்குப் பிறகு ஒரு பிட்சரை நாலைந்து நாள் தொட மாட்டார்கள். அவரோ மறுநாளே ஏழாவது ஆட்டத்தின் கடைசியில் வந்து இன்னும் 34 பந்து போட்டார். ஆட்டம் பதினோரு இன்னிங்ஸ் நீண்டது. கோப்பை, தொடர் நாயகன் விருது இரண்டும் வந்தன. இட்லித் தட்டோடு டிவி முன்னால் நின்றுகொண்டே பார்த்தேன். பிசியோதெரபி படித்த புத்தி, ஒவ்வொரு பந்துக்கும் என் முழங்கையை நானே பிடித்துக்கொண்டது. அன்று ராத்திரி நம் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பை ஜெயித்தார்கள். அந்த ஞாயிறு மாதிரி இன்னொன்று வராது.

தம்பி தொகையைப் பார்ப்பான், நான் வருஷத்தைப் பார்ப்பேன். எங்கள் சண்டையே அதுதான். பேஸ்பால் ஒப்பந்தத்தில் பணம் உத்தரவாதம். நாளைக்கே கை போனாலும் மாசம் பொறந்தால் சம்பளம் வரும். ஆகவே 12 வருஷம் என்றால், 12 வருஷத்துக்கு அந்தப் பட்டை கிழிந்தால் யார் தலையில் விழும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து எழுதிக்கொள்வது. அதை வீரரின் தலையிலிருந்து முதலாளி தலைக்கு மாற்றுவதற்குத்தான் இத்தனை பேரம்.

கார்பின் பர்ன்ஸைப் பாருங்கள். 2024 டிசம்பரில் அரிசோனாவோடு ஆறு வருஷம், 210 மில்லியன். வீடும் பிள்ளைகளும் அந்தப் பக்கம், வீட்டோடு இருக்கலாம் என்று போனார். ஏலத்தில் இருபத்தேழு கோடிக்குப் போனவரும் இப்படி ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாது. எந்தப் பலகை கடைசியாகத் தூக்கப்பட்டதோ அந்த ஊர்தான். பர்ன்ஸ் 11 ஆட்டம் ஆடினார். ஜூன் 1-ம் தேதி நடு ஆட்டத்தில் டக்அவுட்டைப் பார்த்துக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அந்த வீடியோவை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். மறுபடியும் 24346. ஆனால் வருஷத்துக்கு வருஷம் பணம் வரும், பிள்ளைகள் பக்கத்தில் இருப்பார்கள். தம்பிக்கு லீக்கில் ஆட்டத்துக்கு ஆட்டம் பேட்டா. ஆடாத நாலு மாதத்துக்குப் பூஜ்யம். இதை அவனிடம் நான் சொல்லவில்லை, அவனே சொன்னான்.

எதிர்க் கதையும் உண்டு. ரோக்கி சசாகி யமமோட்டோவைப் போலவே ஜப்பானிலிருந்து வந்தவர், அவரைவிட வேகம். 25 வயசு ஆகாததால் அவருக்கு வேறு விதி. 2025 ஜனவரியில் கையெழுத்துக்கு 6.5 மில்லியன்தான். இரண்டு வருஷம் பொறுத்திருந்தால் பல நூறு மில்லியன் என்று எல்லோரும் எழுதினார்கள். அந்த இரண்டு வருஷம் முழங்கை பொறுத்திருக்குமா என்று கேட்டால் நான் அவர் பக்கம்தான் பேசுவேன்.

காத்திருப்பதில் எனக்கு ஒரு சொந்த அனுபவம் இருக்கிறது. 2024 ஆரம்பத்தில், சர்ட்டிஃபிகேஷன் கையில் வந்த தைரியத்தில், அப்போதிருந்த கம்பெனியில் பேப்பர் போட்டுவிட்டேன். ஒரு ஆஃபர் வந்தது, நல்ல உயர்வு. இன்னொன்று அதைவிடப் பெரிதாக வரும் போலத் தெரிந்தது. முதல் ஆஃபரை வேண்டாம் என்றேன். இரண்டாவது இடத்தில் ரிக்வயர்மென்ட் ஹோல்டு என்று ஒரு வரி மெயில். நோட்டீஸ் முடிந்து மூன்று மாதம் அம்பத்தூர் வீட்டில். அம்மா தினமும் சாயங்காலம் காபி தரும்போது "மெயில் பார்த்தியா?" என்று மட்டும் கேட்பார், வேறு ஒரு வார்த்தை இருக்காது. கடைசியில் வேண்டாம் என்று சொன்ன தொகையைவிடக் கம்மிக்கு இப்போதுள்ள இடத்தில் சேர்ந்தேன்.

அதே வாரங்களில் பிளேக் ஸ்னெல்லும் ஜோர்டன் மாண்ட்கோமெரியும் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்னெல், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை 2023-ல் வாங்கியவர், மாண்ட்கோமெரி உலகத் தொடர் ஜெயித்த கையோடு சந்தைக்கு வந்தவர். இருவருக்கும் முகவர் ஸ்காட் போராஸ். டிசம்பர் போயிற்று, ஜனவரி போயிற்று, பயிற்சி முகாமே தொடங்கிவிட்டது. மார்ச்சில் ஸ்னெல் இரண்டு வருஷம், 62 மில்லியனுக்கு சான் பிரான்சிஸ்கோ போனார். தொடக்கம் சொதப்பல். ஆகஸ்டில் சின்சினாட்டிக்கு எதிராக ஒரு ஹிட்கூட விடாமல் ஒரு முழு ஆட்டம். நவம்பரில் டாட்ஜர்ஸோடு ஐந்து வருஷம், 182 மில்லியன். மாண்ட்கோமெரி மார்ச் கடைசியில் ஒரு வருஷம், 25 மில்லியனுக்கு அரிசோனா. ஏப்ரலிலேயே முகவரை மாற்றினார். அந்த சீசன் அடி வாங்கினார். 2025-ல் முழங்கை அறுவை சிகிச்சை. ஒரே முகவர், ஒரே காத்திருப்பு. எங்கள் வீட்டில் இன்றைக்கும் அந்த வருஷத்துக்கு மாண்ட்கோமெரி வருஷம் என்றுதான் பெயர். அம்மாவே சொல்வார், உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் மாறும்.

2025-26 குளிர்காலத்தில் எனக்குப் பிடித்த ஒப்பந்தம் கோடி பான்ஸ் என்ற பிட்சருடையது. பிட்ஸ்பர்க்கில் எடுபடாமல் ஜப்பான் போனார், அங்கிருந்து கொரியா. 2025-ல் கொரிய லீக்கில் 17 வெற்றி, ஒரே தோல்வி. டொரான்டோ மூன்று வருஷம், 30 மில்லியன் கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறது. துபாய்க்குப் போய்ச் சம்பாதித்துவிட்டு வந்து ஊரில் கடை போடும் மாமா மாதிரி என்றான் தம்பி. சரிதான்.

அதே டொரான்டோ அதற்குக் கொஞ்சம் முன்னால் டிலன் சீஸை எடுத்தது: ஏழு வருஷம், 210 மில்லியன். 2025-ல் அவருடைய கணக்கு அப்படி ஒன்றும் பிரமாதம் இல்லை, இவ்வளவு ஏன் என்று பலர் முணுமுணுத்தார்கள். எனக்கு ஆச்சரியம் இல்லை. ஐந்து சீசனாக, சீசனுக்கு 32 ஆட்டத்துக்குக் குறையாமல் முதல் பிட்சராக இறங்கியிருக்கிறார். சந்தையில் அதைவிட அரிதான சரக்கு கிடையாது. இன்னொன்றும் உண்டு. 2014-ல் பள்ளி முடித்த கையோடு சிகாகோ கப்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தபோதே முழங்கை கிழிந்திருந்தது. 18 வயசில் ஆப்பரேஷன். 2026 சீசன் முடிந்து சந்தைக்கு வரவேண்டிய பிட்சர் டாரிக் ஸ்கூபலும் கல்லூரியிலேயே அதைச் செய்துகொண்டவர். ஆனால் 2026 டிசம்பர் 1-ல் வீரர் சங்கத்துக்கும் முதலாளிகளுக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிகிறது. போன முறை முடிந்தபோது 99 நாள் கதவடைப்பு. ஸ்கூபல் எந்தக் கணக்கில் உட்கார்ந்திருப்பார் என்று பார்க்க வேண்டும்.

சீஸ் செய்தி வந்த அன்று ஒரு சார்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். வயசு 17, வலது முழங்கை, மணிக்கட்டு நாண். பெயர் விவரமெல்லாம் நான் கவனிக்கவும் கூடாது, வெளியே பேசவும் கூடாது. 24346 போட்டேன், ஒரே எண். இடைவேளையில் தம்பிக்கு "210 மில்லியன்" என்று அனுப்பினேன்.

பிசியோ படுக்கையிலிருந்து பதில் வந்தது: "எத்தனை வருஷம்?"