654ஆ, 655ஆ

ஜனவரி 28, 2022, வெள்ளி

சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாவுக்குப் புத்தளத்தில் பிணை மறுத்துவிட்டார்கள்.

ஜனவரி 29

நேற்று அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை போய்விட்டால் வழக்கு முடியும்வரை ஆள் உள்ளேதான், பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்று எல்லோரும் எனக்கு விளக்குகிறார்கள். தெரியும். 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கிய சட்டம். நான் பிறந்ததே அதற்குப் பிறகுதான்.

அவர் உள்ளே இருக்கும் நாட்களைப் போராட்ட மட்டையில் எழுத எண் வேண்டும். பிடித்த நாளான 2020 ஏப்ரல் 14ஐச் சேர்க்காவிட்டால் நேற்றோடு 654, சேர்த்தால் 655. ராத்தா சேர்க்கத்தான் வேண்டும் என்கிறார். "புடிச்சிட்டுப் போன நாளும் நாள்தானே தங்கச்சி, அதை விட நீளமான நாள் எது?"

ஜனவரி 30

அந்த கோல். திரும்பத் திரும்ப அதிலேயே நிற்கிறேன். சுகாதார அமைச்சிலிருந்து என்று ஹிஜாஸுக்கு எடுத்தார்கள், கொரோனாத் தொற்றாளரோடு பழகியிருக்கிறீர்கள், வீட்டை விட்டு வெளியே போகாதீர்கள் என்றார்கள். அவரும் வீட்டிலேயே இருந்தார். பிறகு வந்தது சிஐடி. வீட்டுக்காரர்களைக் கிட்ட வராதீர்கள் என்று சொல்லித் தள்ளி உட்கார்ந்திருப்பாரோ, அதை நினைத்தால்தான் தாங்கமுடியவில்லை.

1998இல் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் பத்து நிமிட விசாரணை என்றார்கள். அம்மா அண்ணாவின் தேத்தண்ணியை மூடி வைத்தார். ஏழு வருடம். கடைசியில் குற்றம் எதுவும் இல்லை என்று விட்டார்கள்.

பெப்ரவரி 1

காஸ் வரிசை, மூன்று மணித்தியாலம். சிலிண்டர் கிடைக்கவில்லை. ஹிஜாஸை விடச் சொல்லும் கடிதத்துக்கு 12 கையெழுத்துக் கிடைத்தது.

பெப்ரவரி 2

இரவு முழுக்கக் கடிதம். போன வருடம் ஜூன் 10இல் ஐரோப்பிய நாடாளுமன்றத் தீர்மானத்தில் ஹிஜாஸின் பெயரும் அஹ்னாப் ஜசீமின் பெயரும் வந்தபோது, சரி, இனி இரண்டு கிழமைதான் என்று நம்பினேன். ஐரோப்பா கொடுக்கும் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை போய்விடும் என்ற பயமாவது வேலை செய்யும் என்று நினைத்தேன். அஹ்னாப் டிசம்பரில்தான் பிணையில் வந்தார். தமிழில் கவிதைப் புத்தகம் போட்ட ஒரு பிள்ளை, 19 மாதம்.

இப்போது சட்டத்தைத் திருத்துகிறோம் என்று வர்த்தமானியில் போட்டிருக்கிறார்கள். தடுப்புக்காவல் உத்தரவு 18 மாதத்துக்குப் பதில் 12 மாதமாம். ஒரு மனிதரை நீதிமன்றத்துக்குக் காட்டாமல் ஒரு வருடம் வைத்திருப்பதற்குப் பெயர் திருத்தமா? கடிதத்தில் இந்த வரியை மூன்று முறை எழுதி மூன்று முறையும் வெட்டினேன். கோபம் தெரியக்கூடாதாம். ஏன் தெரியக்கூடாது?

பெப்ரவரி 4

சுதந்திர தினம். பிடித்துச்செல்லப்பட்ட மகனுக்காகக் காத்திருக்கும் வவுனியா அம்மாவுக்கு எடுத்தேன், கையெழுத்து விஷயமாக. போடுகிறேன் என்றார். பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னார்: "அவர் சட்டத்தரணி, பிள்ளை. இங்கிலிஷ் தெரிஞ்ச ஆக்கள் அவருக்காக எழுதினம். எழுதத்தான் வேணும். என்ர பெடியனுக்கு ஆர் மட்டை பிடிச்சது?"

என்னிடம் பதில் இல்லை. 2018இல் நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது அதை எதிர்த்த வழக்கில் ஆஜரானவர், அவரையே தூக்கினால் நாளைக்கு யாருடைய வழக்கையும் எடுக்க ஆள் இருக்காது, அதனால்தான் இவருக்காக இவ்வளவு சத்தம் என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். ஆனால் அந்த அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஹிஜாஸ் வெளியே வந்ததும் நாங்கள் எல்லோரும் மட்டையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோமோ? நான் போய்விடுவேனோ?

பெப்ரவரி 5

தூக்கமில்லை. புத்தளத்து மத்ரஸாப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டிருந்தேன். ஹிஜாஸுக்கு எதிராகத் தங்களை வற்புறுத்திப் பொய்யாகச் சொல்லவைத்தார்கள் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போன பிள்ளைகள். வளர்ந்த ஆட்களே வாய் திறக்காத காலத்தில்.

பெப்ரவரி 7, திங்கள்

பிணை! மேன்முறையீட்டு நீதிமன்றம் கொடுத்துவிட்டது!

ராத்தா கீழே ஓட்டோவிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதோம். பால்மா இல்லை, வெறுந்தேத்தண்ணிதான். அவ்வளவு ருசி.

பெப்ரவரி 8

இன்னும் விடவில்லை. புத்தளத்தில் கடதாசி வேலை. தெரியாத இலக்கத்திலிருந்து இரண்டு கோல், எடுக்கவில்லை.

பெப்ரவரி 9

விடியக்காலை 4ஆம் இலக்க பஸ். நீர்கொழும்பு தாண்டும்வரை ராத்தா ஓதிக்கொண்டே வந்தார். சிலாபத்தில் இறங்கி ஏதாவது சாப்பிடுவோமா என்றேன், வேண்டாம் என்றார்.

விட்டுவிட்டார்கள். தூரத்திலிருந்துதான் பார்த்தேன். கூட்டத்தில் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை, ஆனால் வெளியே நின்றார். என் கணக்கில் 666. ராத்தா கணக்கில் 667.

வழக்கு முடியவில்லை. அது அப்படியே இருக்கிறது. வெளியே இருந்துகொண்டு வழக்காடுவார், அவ்வளவுதான். அவ்வளவும் பெரிது.

பெப்ரவரி 10

பகல் முழுக்கத் தூங்கினேன்.

பெப்ரவரி 11

வவுனியா அம்மாவுக்கு எடுத்து, மகனைப் பிடித்த தேதி கேட்டேன். யோசிக்கவே இல்லை. 2008, தைப்பொங்கல் முடிந்து அடுத்த செவ்வாய். ஏன் பிள்ளை என்றார். எண்ணிப் பார்க்க என்றேன்.

நாட்காட்டியில் ஜனவரி 22. நடுவில் நான்கு லீப் வருடம். பிடித்த நாளையும் சேர்த்து 5135. பழைய மட்டையில் மூன்று இலக்கத்துக்குத்தான் இடம் விட்டிருந்தேன், புதிதாக வெட்டவேண்டும்.