அப்பாரு கட்டிய வீட்டுக்கு பெயிண்ட் அடித்த கதை

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. 1961ல் அப்பாரு, அதாவது தாத்தா, கட்டியது. மேலே மங்களூர் ஓடு, சுவர் செங்கல்லும் மண் சாந்தும், பூச்சு சுண்ணாம்புக் காரை. வருஷம் ஒரு தடவை, பொங்கல் நோம்பிக்கு முன்னால் சுண்ணாம்பு அடிப்பதோடு சரி.

மூன்று வருஷத்துக்கு முன் எனக்குத்தான் புத்தி கெட்டது. தீபாவளிக்கு வீடு பளபளவென்று இருக்கட்டும் என்று ஒரு காண்ட்ராக்டரைப் பிடித்தேன். எட்டே நாளில் சுவர் முழுக்க பட்டி (வழவழப்புக்குத் தடவும் வெள்ளைப் பசை) பார்த்து, எமல்ஷன் என்கிற பிளாஸ்டிக் பெயிண்ட் இரண்டு கோட் அடித்து, காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். தை பிறப்பதற்குள் பொடக்காளி (கொல்லைப்புறம்) பக்கச் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பட்டி உப்பி, அப்பளம் மாதிரி உடைந்து விழ ஆரம்பித்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. போன் அடித்தால், "பழைய வீடுங்க, அப்படித்தான் இருக்கும்" என்றார்.

இந்த வருஷம் வைகாசியில் தங்கைக்குக் கல்யாணம். சீர் சடங்கெல்லாம் வீட்டிலேயே என்று முடிவாகிவிட்டது. ஒரம்பரை (சொந்தக்காரர்கள்) வந்து நிற்கிற வீடு இப்படியா இருப்பது என்று அம்மாவுக்கு வெசனம். தங்கைக்கு வேறு ஆசை: போட்டோ எடுக்க ஆசாரத்தில் (முன் கூடத்தில்) வால்பேப்பர் வேண்டும். மாசி பிறந்ததும் ஆள் தேடினேன்.

வந்த மூன்று பேரில் இரண்டு பேர் வாசலில் நின்றபடியே சதுர அடிக்கு ரேட் சொன்னார்கள். மூன்றாவது ஆளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சுவரைப் பார்க்கவே இல்லை. "பொடக்காளி எங்கிங்க தம்பி?" என்று கேட்டு நேராகப் பின்னால் போய்விட்டார். துவைக்கிற கல்லுக்குக் கீழே தண்ணீர் எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தார். எங்கேயும் போகவில்லை. சுவர் ஓரத்திலேயே நின்று ஊறிக்கொண்டிருந்தது.

"இந்தத் தண்ணிதானுங்க உள்ள ஏறுது. அந்தக் காலத்துக் கடைக்கால்ல, அதாங்க அஸ்திவாரத்துல, ஈரத்துக்குத் தடுப்பு கிடையாது. சுண்ணாம்பா இருந்தவரைக்கும் ஏறின ஈரம் காத்துல காஞ்சுபோயிரும். நீங்க பட்டியும் பிளாஸ்டிக் பெயிண்ட்டும் வெச்சு மூடிட்டீங்க. அது எங்கிங்க போகும்?"

அப்புறம் உள்ளே வந்து, பையிலிருந்து ஐந்து ரூபாய்க் காசை எடுத்து சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே நடந்தார். கெட்டியான இடத்தில் 'டக்', பூச்சு விட்டுப்போன இடத்தில் 'பொக்'. பொக்கென்ற இடத்திலெல்லாம் கரிக்கட்டியால் வட்டம் போட்டார். கால் மணி நேரத்தில் பின்சுவருக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கே அவரைப் பேசி முடித்தேன்.

பெயிண்டை நானே வாங்கித் தருவது, கூலி மட்டும் அவருக்கு, அடிக்கு 16 ரூபாய் என்று பேச்சு. கதவு, ஜன்னலைக் கழிக்காமல் அளப்பேன் என்றபோது ஏமாற்றுகிறாரோ என்று தோன்றியது. ஜன்னல் ஓரம் பார்க்கிற வேலை சுவர் அடிக்கிறதைவிட ஜாஸ்தி என்றார். நியாயம்தான். இருந்தாலும் ஆசாரத்துப் பெரிய கதவில் பாதி கழிக்கச் சம்மதித்தார். பெயிண்ட் டப்பாவுக்குள் வருகிற டோக்கன் (பெயிண்டர்கள் காசாக்கிக்கொள்ள கம்பெனி வைப்பது) அவருக்கு என்பதையும் முதலிலேயே பேசிக்கொண்டோம். பெயிண்டர்கள் சில சமயம் ஒரே கம்பெனியைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு அந்த டோக்கனும் ஒரு காரணம். தெரிந்து வைத்துக்கொண்டால் மனஸ்தாபம் இல்லை. கடைசிக் கூலியில் ஐந்தாயிரம் ரூபாய் ஐப்பசி மழை முடிந்த பிறகு என்றேன். ஒரு நிமிஷம் யோசித்து, "சரிங்க" என்றார்.

முதல் இரண்டு நாள் பெயிண்ட் டப்பாவே திறக்கவில்லை. துவைக்கிற கல்லிலிருந்து தென்னை மரத்துக்கு வாய்க்கால் வெட்டினார்கள். அப்புறம் பின்சுவரில் நாலு அடி உயரத்துக்குப் பட்டி, பூச்சு எல்லாவற்றையும் செங்கல் தெரியக் கொத்தி எடுத்துவிட்டு, மூன்று வாரம் அப்படியே காயப் போட்டார்கள். கல்யாண வீட்டில் செங்கல் தெரிய ஒரு சுவர் நின்றால் அம்மா என்னை என்ன பாடு படுத்தியிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. காய்ந்ததும் சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசி, நீலம் போட்ட சுண்ணாம்பே மூன்று தடவை அடித்தார்கள். உள்சுவர்களுக்கு மட்டும்தான் எமல்ஷன்.

என் பங்குக்கு நான் பிடிவாதம் பிடித்தது ஜன்னல் கம்பிகளுக்கு. அதில் அந்தக் காலத்துப் பச்சை எனாமல். வீட்டு பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டை உப்புத்தாள் போட்டு வறட்டென்று தேய்த்தால் தூசியில் ஈயம் இருக்கலாம். வீட்டில் அக்காவின் இரண்டு வயதுக் குழந்தை. தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும், துடைத்த துணியைத் தனியாகக் கட்டிப் போட வேண்டும் என்றேன். "இத்தன வருசம் நாங்க தின்ன தூசிங்களா?" என்று சிரித்தாலும் செய்தார்.

வால்பேப்பரை வெளிச்சுவரில் ஒட்டவே கூடாது என்றுவிட்டார். ஆசாரத்துக்கும் அறைக்கும் நடுவில் உள்ள சுவரில் ஒரு பாலித்தீன் கவரை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு ராத்திரி விட்டார். காலையில் உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. அந்தச் சுவருக்கு மட்டும் அனுமதி.

ஒட்டுவதற்குத் திருப்பூரிலிருந்து வேறு ஆள் வந்தார். 12 அடி அகலம், 10 அடி உயரம், மொத்தம் 120 சதுர அடி. ஒரு ரோல் 57 என்பதால் இரண்டு வாங்கி, மிச்சத்தை அலமாரி மறைத்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர் சிரித்தார். ரோலின் அகலம் 21 அங்குலம், அப்படியானால் ஏழு பட்டை. நீளம் 33 அடி, டிசைன் சேர்க்க விட்டதுபோக மூன்று பட்டைதான் தேறும். ஆக மூன்று ரோல், அதுவும் ஒரே பேட்ச் நம்பரில். தங்கை ஆசைப்பட்ட நெட்டுக்கோடு டிசைனையும் வேண்டாம் என்றார். தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுக் காட்டினார்: பத்தடி உயரத்தில் மூலை ஒன்றரை அங்குலம் சாய்ந்திருந்தது. கோடு போட்டால் வீடே சாய்ந்தது தெரியும், சின்ன இலை டிசைன் என்றால் கண் ஏமாந்துவிடும். முதல் பட்டையை மூலையை நம்பாமல் குண்டுக் கயிற்றை ஒட்டியே ஒட்டினார். காயும்வரை ஃபேன் போடக் கூடாது, இல்லாவிட்டால் ஓரம் சுருண்டுவிடும் என்றார். பங்குனி வெயிலில் ஒரு நாள் முழுக்க விசிறியோடு உட்கார்ந்திருந்தோம்.

கல்யாணத்தன்று எல்லோரும் இலைச் சுவருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள். பெரியமாமா மட்டும் பின்சுவரில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டு, பட்டுச் சட்டை முதுகெல்லாம் சுண்ணாம்போடு சாப்பிடப் போனார்.

ஐப்பசி மழை விட்டதும் பெயிண்டர் அண்ணன் பாக்கி வாங்க வந்தார். இந்தத் தடவையும் சுவரைப் பார்க்கவில்லை, நேராகப் பொடக்காளிக்குத்தான். வாய்க்கால் வாயில் அம்மா சாம்பல் கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தார். "ஏனுங்கம்மா, இதுக்கா நான் ரெண்டு நாள் வெட்டினேன்?" என்று அவர் சத்தம் போட்டது முன்வாசல்வரை கேட்டது.