கட்டிடுங்க அண்ணாச்சி

"வேற வழி ஏதும் இருக்கா சார்?" என்றுதான், நான் விட்ட ஜிஎஸ்டி நோட்டீஸோடு வந்த அண்ணாச்சி கேட்டார். "கட்டிடுங்க அண்ணாச்சி, நோட்டீஸ் வந்த முப்பது நாளுக்குள்ள வரியும் வட்டியும் கட்டிட்டா அபராதம் இல்ல" என்றேன். 2024 ஜனவரி. இரண்டு நிமிடம் பேசியிருப்போம். வணிக வரித் துறையில் எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தைதான், ஆனால் இது மட்டும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ஹார்டுவேர் கடைக்காரர். 2019 ஜனவரி முதல் மார்ச் வரைக்குமான 3பி ரிட்டர்னை, அதாவது மாத வரிக் கணக்கை, டிசம்பரில்தான் போட்டார். வரியை முழுசாகக் கட்டினால்தான் போர்ட்டல் 3பியை ஏற்கும், கையில் காசில்லை, தள்ளிக்கொண்டே போய்விட்டது. தாமதக் கட்டணமும் கட்டியிருந்தார். ஆனால் அந்த 2018-19 வருஷத்து இன்புட்டை, அதாவது சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியை, கழித்துக்கொள்ளக் கடைசி நாள் அக்டோபர் 20. ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 16(4). சரக்கு வந்தது உண்மை, பில் உண்மை, சப்ளையர் காட்டிய கணக்கு போர்ட்டலின் 2ஏ பட்டியலில் அப்படியே இருக்கிறது. தேதி ஒன்றுதான் தப்பு. அதற்கு 1,84,000 வரி, பதினெட்டு சதவீதத்தில் நாலு வருஷ வட்டி 1,32,000 சொச்சம். நோட்டீஸில் அந்தத் தேதி இருந்த வரிக்குக் கீழே கட்டைவிரல் நகத்தால் கோடு இழுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் சொன்னதில் பொய் இல்லை. மத்திய வரிக்குப் பத்தாயிரம், மாநில வரிக்குப் பத்தாயிரம் என்று இருபதாயிரம் அபராதம் அவருக்கு மிச்சம். சொல்லாமல் விட்டதுதான் உறுத்துகிறது. கட்டாமல் இருந்து, ஆர்டர் வாங்கிக்கொண்டு 18,400 முன்பணம் கட்டி அப்பீல் போயிருக்கலாம். 16(4) செல்லாது என்று ஐகோர்ட்டில் ரிட் போட்டிருந்தவர்களும் நிறையப் பேர், அது எனக்குத் தெரியும். ஆனால் நோட்டீஸ் விட்டவனே அப்பீல் போங்க என்று சொல்வானா? நான் என்ன அவருடைய வக்கீலா?

அப்புறம் ஜூனில் ஜிஎஸ்டி கவுன்சில் கூடியது, ஆகஸ்டில் சட்டமே வந்துவிட்டது. பிரிவு 16(5). 2017-18 முதல் 2020-21 வரைக்குமான ரிட்டர்னை 2021 நவம்பர் 30க்குள் போட்டிருந்தால் இன்புட் செல்லும். ஆனால் ஏற்கெனவே கட்டியவர்களுக்குத் திருப்பித் தர மாட்டோம் என்று அதே நிதிச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். ஜனவரியில் இது எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வழியில்லை, இதை எத்தனை முறை எனக்கே சொல்லிக்கொண்டேன் என்று கணக்கில்லை.

அதே 2018-19க்கு இன்னொரு ஃபைல். அந்த ஆள் எந்த நோட்டீஸுக்கும் பதில் போட்டதில்லை, போனையும் எடுப்பதில்லை, அப்பீலும் போகவில்லை. ஏப்ரலில் ஆர்டர் போட்டேன். புதுச் சட்டம் வந்ததும் திருத்தம் கேட்டு மனு போட்டார். நானே கையெழுத்துப் போட்டு மொத்த டிமாண்டையும் எடுத்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சி கட்டிய மாதத்து ரிவ்யூ மீட்டிங்கில் வசூல் கட்டத்தில் அவருடைய 3,16,000மும் இருந்தது. அவர் நல்லதுக்குச் சொன்னேனா, அந்தக் கட்டத்துக்குச் சொன்னேனா? மீட்டிங் நினைப்பு வாயைத் திறப்பதற்கு முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்று யோசித்தால், ஒரு நாள் முன்னால் என்று தோன்றுகிறது, ஒரு நாள் பின்னால் என்று.

இப்போதெல்லாம் யாராவது வேற வழி கேட்டால் "உங்க ஆடிட்டர்ட்ட கேளுங்க" என்று முடித்துக்கொள்கிறேன். அப்படிக் கேட்கப் போய் ஒருவர் முப்பது நாளைக் கோட்டைவிட்டு அபராதமும் சேர்த்துக் கட்டினார். அவருக்குக் கட்டிடுங்க என்று சொல்லியிருக்க வேண்டும்.

பணம் கட்டிய மறுநாள் அண்ணாச்சி, கட்டியதைக் காட்டும் டிஆர்சி-03 படிவத்தின் பிரிண்ட்டைக் கொண்டுவந்து சீல் கேட்டார். ஆன்லைனில் கட்டியதற்கு சீல் எதற்கு என்றேன். "ஒரு நம்பிக்கைக்கு சார்" என்றார், சரி என்று போட்டுக் கொடுத்தேன். போன தீபாவளிக்கு முன்னால் அதே தாளை பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்தார். சட்டம் மாறியிருக்காமே, ரூபாய் திரும்ப வருமா என்று கேட்டார். வராது என்றேன்.

"நீங்க சீல் வச்சுக் குடுத்ததுதான் சார் இது" என்று தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.