தலைவர் கனடாவில், பாஸ்புக் அலுமாரியில்

போன கிழமைதான் கடிதம் கைக்கு வந்தது. எங்கள் சுற்றாடல் சங்கத்தின் புதிய நிர்வாக சபையைப் பிரதேச செயலகம் ஏற்றுக்கொண்டு பதிவைப் புதுப்பித்திருக்கிறது. இந்த ஒரு கடிதத்துக்காக மார்ச் தொடக்கம் ஒக்டோபர் வரை பிரதேச செயலகத்துக்குப் பதினொரு தடவையும் வங்கிக்கு ஏழு தடவையும் போயிருக்கிறேன். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், ஒவ்வொரு தடவைக்கும் அரை நாள் லீவு. கடிதம் வந்ததில் ஆறுதல்தான். ஆனால் இந்த வருடம் ஊர்க் குளத்தைத் தூர்வாரி மண் எடுக்க முடியாமல் போய்விட்டது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. ஊருக்கு ஊர் இப்படிச் சின்னச் சின்னச் சங்கங்கள் இருக்கின்றன. அவர்களுக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் சங்கம் தொடங்கியது 2015 இல். யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் மின் நிலையத்து எண்ணெய் கலந்து, சனம் குடிதண்ணீருக்குப் பவுசரைப் பார்த்துக்கொண்டு நின்ற காலம் அது. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் முன்னுக்கு நின்று இருபது பேரைக் கூட்டினார். ஐயா என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவோம். அந்தக் கிணற்று விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், மின் உற்பத்தி நிறுவனம் 20 மில்லியன் ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று 2019 ஏப்ரலில் தீர்ப்பானது. வழக்குப் போட்டவர் ஒரு சுற்றாடல் நிறுவனத்தின் தலைவர். அன்று பின்னேரம் ஐயா எங்களைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்து, "சங்கம் எண்டு ஒண்டு இருந்தபடியால்தான் கோட்டுக்குப் போக முடிஞ்சது" என்று சொன்னார்.

அவ்வளவு தெரிந்தவர், எங்கள் சங்கத்தைத் தன் தோளில் மட்டும் வைத்திருந்தார். கூட்டக் குறிப்பு எழுதுவதும் அவர்தான், வயல், குளம் பார்க்கும் அரச அலுவலகமான கமநல சேவை நிலையத்துக்குப் போவதும் அவர்தான், கோப்புகள் இருப்பதும் அவருடைய வீட்டில்தான். அவரை நான் குறை சொல்லவில்லை. நாங்களும் வசதியாக இருந்துவிட்டோம். பெப்ரவரியில் மகளைப் பார்க்கக் கனடா போனவருக்கு அங்கே பாரிசவாதம் வந்துவிட்டது. இனித் திரும்பி வருவது கஷ்டம் என்று மகள் சொன்ன பிறகுதான், உப செயலாளராகப் பெயருக்கு இருந்த நான் சங்கத்தின் விதிகள் அடங்கிய யாப்பை எடுத்து வாசித்தேன்.

நாலு பக்கம். ஏதோ விளையாட்டுக் கழகத்தின் யாப்பைப் பார்த்து எழுதியது. 'ஸ்தாபகத் தலைவர் ஆயுட்காலத் தலைவராக இருப்பார்' என்று ஒரு வரி. பொதுக்கூட்டத்துக்குக் கோரம், அதாவது குறைந்தது வரவேண்டியவர்கள், மொத்த உறுப்பினரில் அரைவாசிப் பேர் என்று இன்னொரு வரி. அவ்வளவு பேர் வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. வங்கிக் கணக்கில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து வைக்க வேண்டும். பொருளாளர் 2021 இல் காலமாகிவிட்டார், அந்த இடத்துக்கு நாங்கள் யாரையும் போடவில்லை. ஐயாவும் இல்லையென்றால் செயலாளர் ஒருவர் மட்டும்தான் மிச்சம்.

ஊரிலிருந்து வெளிநாடு போனவர்கள் குளம் தூர்வாரக் காசு சேர்த்து வைத்திருந்தார்கள். இங்கே ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும்தான் ஓடும். மழைத்தண்ணி குளத்தில் நின்று, சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் இறங்கினால்தான் கிணற்றில் நல்ல தண்ணி. அந்த நல்ல தண்ணிக்குக் கீழே இருப்பது உவர். மேலிருந்து ஊறுவது குறைந்து, மோட்டரால் இறைப்பது கூடினால், உவர் மேலே ஏறிவிடும். அதனால் ஓகஸ்ட், செப்டெம்பரில் குளம் வற்றிக் கிடக்கும்போது மண் எடுத்தாக வேண்டும். ஒக்டோபரில் மழை தொடங்கினால் மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் உள்ளே இறங்காது. கமநல சேவை நிலையத்தில் அனுமதி கேட்டபோது, "பதிவு புதுப்பிச்ச கடிதத்தைக் கொண்டாங்கோ, உடனே தாறம்" என்றார்கள். நியாயமான கேள்விதான்.

சரி, பொதுக்கூட்டம் வைத்துப் புதிய சபையைத் தெரிவோம் என்று மே மாதம் வாசிகசாலையில் கூட்டினோம். உறுப்பினர் பட்டியலில் 118 பேர், வந்தவர்கள் 31. வெளிநாட்டிலிருந்து பதினைந்து பேர் சூமில் இருந்தார்கள். எல்லாரும் கை உயர்த்தித் தெரிவு செய்தோம், படம் எடுத்தோம், நான் குறிப்பு எழுதினேன். பிரதேச செயலகத்தில் இதைப் பார்க்கும் உத்தியோகத்தர் இரண்டே நிமிடத்தில் யாப்பின் அந்த வரியில் விரலை வைத்தார்.

"ரீச்சர், கோரம் 59. நீங்கள் வைச்சது கூட்டமே இல்லை."

"சூமில பதினைஞ்சு பேர் இருந்தவை."

"யாப்பில சூம் எண்டு இருக்கோ?"

இருந்தாலும் காணாது, 46 தான். அவர் சொன்னது சரி. ஆனால் மார்ச்சில் முதல் தடவை போனபோதே யாப்பின் பிரதியை இதே மேசையில் கொடுத்துவிட்டு, என்னென்ன தேவை என்று கேட்டிருந்தேன். "பொதுக்கூட்டக் குறிப்பு, கணக்கறிக்கை, உறுப்பினர் விபரம்" என்று மட்டும்தான் சொன்னார். கோரத்தை அன்றே சொல்லியிருந்தால் இரண்டு மாதம் மிஞ்சியிருக்கும். ஆகவே முதல் தடவை போகும்போதே யாப்பை விரித்து வைத்து, "இதன்படி நாங்கள் என்ன செய்தால் நீங்கள் ஏற்றுக்கொள்வீர்கள்" என்று வரிவரியாகக் கேளுங்கள். அவர் சொல்வதைத் திகதியோடு எழுதிக்கொண்டு வாருங்கள்.

118 பேரில் 59 பேரை எங்கே போய்ப் பிடிப்பது? பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. வழியும் யாப்பிலேயே கிடந்தது. இரண்டு வருடம் சந்தா கட்டாதவர், எழுத்தில் அறிவித்து ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாவிட்டால், உறுப்புரிமை இழப்பார். அப்படி 64 பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் பதிவுத் தபால் அனுப்பினோம். தபாற்கந்தோர் பற்றுச்சீட்டுகளை ஒரு கொப்பியில் ஒட்டி வைத்தேன், பிறகு அதுதான் எங்களைக் காப்பாற்றியது. சிலருக்குக் கோபம். "சங்கத்துக்குக் குளம் காட்டிவிட்டதே நான்தான், என்னை நிற்பாட்டுறியளோ?" என்று ஒருவர் வீட்டு வாசலில் வந்து கத்தினார். ஒன்பது பேர் பழைய சந்தாவையும் சேர்த்துக் கட்டினார்கள், கத்தியவரும் அதில் ஒருவர். மிச்சம் 63 பேர், கோரம் 32. ஜூலைக் கடைசியில் மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு நின்ற பின்னேரத்தில் 38 பேர் வந்து இருந்தார்கள். கதிரையை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பத்திரண்டாவது ஆள் சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு உள்ளே வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட்டம் மூன்றரை மணித்தியாலம் போனது. பதவிக்காலம் மூன்று வருடம், ஒரே பதவியில் தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் இல்லை என்பதை எல்லாரும் உடனே ஏற்றுக்கொண்டார்கள். பதினொரு பேர் சபையில் குறைந்தது நாலு பெண்கள் என்பதற்குக் கொஞ்சம் முணுமுணுப்பு. சோதனைக்குக் கிணற்றுத் தண்ணி எடுக்க வீடு வீடாகப் போவது முழுக்கப் பெண்கள்தான் என்று ஒரு அக்கா எழும்பிச் சொன்னதும் அடங்கிவிட்டது. கோரத்தை மூன்றிலொன்றாகக் குறைத்தோம். அதுவும் வராவிட்டால் ஏழாம் நாள் அதே இடத்தில் கூடி, வந்தவர்களைக் கொண்டு நடத்தலாம். சூமில் வருபவர்கள் கதைக்கலாம், வாக்கு இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இதில் மனவருத்தம் இருக்கிறது, எனக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள்தான் முடிவெடுக்க வேண்டும் என்பதே பெரும்பான்மை.

பெரிய சண்டை வந்தது வேறொன்றில். சங்கம் காசு கொடுத்துச் செய்விக்கும் வேலையில் சபை உறுப்பினருக்கோ அவருடைய வீட்டாருக்கோ இலாபம் இருந்தால், அவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டு அந்த முடிவில் கலந்துகொள்ளாமல் வெளியே இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். எங்கள் சபையில் ஒருவரின் தம்பியிடம் பெக்கோவும் உழவு இயந்திரமும் இருக்கின்றன. முந்திய தடவை வாய்க்கால் வெட்டியது அந்தத் தம்பிதான், நியாயமான விலைக்குத்தான் செய்தார். "என்னைக் கள்ளன் எண்டு சொல்லுறியளோ, ரீச்சர்?" என்று அந்தச் சபை உறுப்பினர் கேட்டபோது கூட்டம் விறைத்துப்போனது. குளத்து மண்ணை யார் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று ஊரில் ஏற்கெனவே கதை இருக்கிறது, அந்தக் கதை அவருக்கு மேல் விழாமல் காப்பதற்கும் இந்த வரிதான் உதவும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவரே வழிமொழிந்தார். இந்த எட்டு மாதத்தில் நான் மறக்காத நிமிடம் அது.

பங்கு முதல் இல்லாமல் உறுப்பினரின் உத்தரவாதத்தில் நிற்கும் 'உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி'யாக, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் பதிவோம் என்றும் ஒரு யோசனை வந்தது. பெரிய நிறுவனங்கள் பல அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் கம்பனிச் செயலாளர் வேண்டும், வருடா வருடம் கம்பனிப் பதிவாளருக்கு விபரத்திரட்டு அனுப்ப வேண்டும். வருடத்துக்கு ஒரு குளம் பார்க்கிற எங்களால் தாங்காது. தொண்டர் சமூகசேவை அமைப்புகளுக்கான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தை வாசித்து வைத்திருப்பது நல்லது. நிதி மோசடி என்று முறைப்பாடு எழுந்தால் இடைக்கால முகாமைச் சபையை நியமிக்க 1998 இல் வந்த திருத்தம் இடம் கொடுக்கிறது. கணக்கை ஒழுங்காக வைத்திருக்க இது ஒன்றே போதுமான காரணம்.

ஓகஸ்ட் முதல் கிழமை கோப்பைக் கொண்டு போனேன். அந்த உத்தியோகத்தர் பயிற்சிக்குப் போய்விட்டார், பத்து நாள் ஆகும், வேறு யாரும் தொட மாட்டார்கள். பத்து நாள் கழித்துப் போனால் புதுக் கேள்வி. ஆயுட்காலத் தலைவர் உயிரோடு இருக்கிறார், அவருடைய இராஜினாமா எங்கே? வாட்ஸப்பில் வந்த கடிதத்தைக் காட்டினேன். மூலப்பிரதி வேண்டும் என்றார். கையெழுத்தும் பழைய கோப்பில் இருப்பதுபோல் இல்லையாம். ஐயாவின் வலது கை விளங்காது, இடது கையால் வைத்த கையெழுத்து அது. அந்த மேசைக்கு முன்னால் நின்று இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் அடைத்துவிட்டது.

மகள் ஐயாவை ரொறன்ரோவில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்துக்குக் கூட்டிப்போய், கையெழுத்தை உறுதிப்படுத்தி வாங்கினார். அந்தக் கடிதத்தை நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த ஒருவர் கைப்பையில் கொண்டுவந்தார். இருபத்தைந்து நாள் திருவிழாவில் அவர் வந்து இறங்கியது தேருக்கு முதல் நாள். வீதியெல்லாம் மறித்திருந்தார்கள். முத்திரைச்சந்தியில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு, சனத்துக்குள்ளால் நடந்துபோய் வாங்கினேன்.

பிறகு கணக்கறிக்கை. கணக்காய்வாளர் வங்கிக் கூற்று கேட்டார். கையெழுத்து அதிகாரம் உள்ள இருவர் வந்தால் தருவோம் என்றது வங்கி. புதியவர்களைச் சேர்க்கப் பிரதேச செயலகக் கடிதம் வேண்டுமாம். பிரதேச செயலகமோ கணக்காய்வு செய்த அறிக்கை இல்லாமல் கடிதம் தராது. செப்டெம்பர் முழுவதும் இந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றினேன். குளம் வற்றி, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பஸ்ஸில் போகும்போது அந்தப் பக்கம் பார்க்கவே மனம் வராது.

வழி காட்டியது காலமான பொருளாளரின் மனைவி. "அவர் ஒரு சின்னப் புத்தகம் வைச்சிருந்தவர், பிள்ளை" என்று அலுமாரியின் அடித்தட்டிலிருந்து, பழைய பஞ்சாங்கங்களுக்கு நடுவில் இருந்ததை எடுத்துத் தந்தார். சங்கத்தின் சேமிப்புக் கணக்குப் பாஸ்புக். அதைக் கௌண்டரில் கொடுத்துப் பதிந்து தரச் சொன்னேன். யாரும் ஒரு கையெழுத்தும் கேட்கவில்லை. மெஷின் நாலு வருடத்து வரவு செலவையும் கடகடவென்று அடித்துத் தள்ளியது. அதன் பிரதியில் கிளை முத்திரையும் வாங்கினேன், கணக்காய்வாளர் அதை ஏற்றுக்கொண்டார். உங்கள் சங்கத்துக்குப் பாஸ்புக் உள்ள கணக்கு இருந்தால் அதை முதலில் தேடிப் பிடியுங்கள். ஏழு தடவை வங்கிக்கு நடந்த எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் இரண்டு கிழமையில் முடிந்தது. கடிதம் கையில் கிடைத்த அன்று இரவே நல்ல மழை.

பெக்கோ இனி அடுத்த ஓகஸ்டில்தான். காசு கணக்கில் அப்படியே இருக்கிறது, அனுப்பியவர்களுக்குத் தனித்தனியாக எழுதிவிட்டேன். கோப்புகளை இரண்டு செற்றாக்கி, ஒன்றை வாசிகசாலை இரும்பு அலுமாரியிலும் மற்றதைப் புதிய பொருளாளர் வீட்டிலும் வைத்திருக்கிறோம். புதிய சபையின் முதல் கூட்டத்தில், பதினெட்டுக் கிணறுகளின் தண்ணியை மாரிக்கு முன்னும் பின்னும், உரத்திலிருந்து தண்ணியில் கலக்கும் நைத்திரேற்றுக்குச் சோதிப்பிக்கக் காசு ஒதுக்கினோம். பொருளாளரும் நானும் கையெழுத்து வைத்தோம். முதல் தொகுதிப் போத்தல்களை அடுத்த நாள் விடிய அந்த அக்காமார் நிரப்பிக்கொண்டு வந்து தந்தார்கள்.