கேபிளை அளந்தேன், குழாயை அளக்கவில்லை

எங்கள் அலுவலகத்தின் இரு கட்டடங்களை ஃபைபர் கேபிளால் இணைக்கும் பொறுப்பு சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைஸிங் இயந்திரத்தோடு ஆளை வரவழைப்பதற்குப் பதிலாக, இரு முனைகளிலும் எல்சி எனும் சிறிய வகைக் கனெக்டர்கள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு, ஒவ்வோர் இழையின் ஒளியிழப்பும் அளந்து தாளில் குறிக்கப்பட்டு வரும் 12 இழைக் கேபிளைத் தேர்ந்தெடுத்தேன். இதில் ஒரு சங்கடம் உண்டு: வந்த பிறகு நீளத்தை வெட்டித் திருத்த முடியாது.

தரையில் டேப் பிடித்து அளந்தபோது 112 மீட்டர்தான் வந்தது. நெட்வொர்க் கருவிகள் இருக்கும் ராக்கிலிருந்து ஃபால்ஸ் சீலிங்குக்கு ஏறி, மறுபடி கீழிறங்கி, அடுத்த கட்டடத்தின் இரண்டாம் மாடிவரை செல்லும் தூரத்தையும் கூட்டியபோது அது 147 ஆயிற்று. 160 மீட்டர் கேட்டு வாங்கினேன். மிஞ்சுவதை ராக்கின் அருகே வளையமாகச் சுற்றி வைக்கலாம். குறைந்தால் நடுவில் இன்னோர் இணைப்பைப் புகுத்த வேண்டிவரும்.

வகையைத் தீர்மானிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஒளி பல பாதைகளில் செல்லும் ஓஎம்3 மல்டிமோடு இழையில் நொடிக்கு 10 ஜிகாபிட் வேகம் 300 மீட்டர் வரை செல்லும் என்றாலும், 40 ஜிகாபிட்டில் அந்த எல்லை 100 மீட்டராகச் சுருங்கிவிடும் என்பதால், ஒளி ஒரே பாதையில் வெகுதூரம் செல்லும் ஓஎஸ்2 சிங்கிள்மோடையே, மண்ணுக்கடியில் ஈரம் தாங்கும் உறையோடு எடுத்தேன்.

கோட்டை விட்டது கேபிளை நுழைக்க வேண்டிய நிலத்தடிக் குழாயில்தான். கேபிளின் தடிமன் 8 மில்லிமீட்டர், குழாயோ 32 மில்லிமீட்டர் என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் குழாய்க்குள் முதலில் நுழைவது கேபிள் அல்ல, கனெக்டர்களை மூடியிருக்கும் இழுவை உறை. விறைப்பாகவும் நீளமாகவும் இருந்த அது நேர்க்குழாயில் வழுக்கிச் சென்று, குழாய் சட்டென்று திரும்பும் முதல் எல்போவிலேயே சிக்கிக்கொண்டது. பலமாக இழுத்துப் பார்க்கலாம் என்றார் உதவிக்கு வந்த எலக்ட்ரீசியன் அண்ணன், நான் சம்மதிக்கவில்லை. இழுக்கும்போது வளைவின் ஆரம் கேபிள் தடிமனைப்போல் 20 மடங்காவது இருக்க வேண்டும், அதாவது 160 மில்லிமீட்டர். அந்த எல்போவில் அதில் பாதிகூட இல்லை. தரையைத் தோண்டி, நீண்ட வளைவுள்ள பெண்டு போட்ட பிறகே கேபிள் மறுபுறம் வந்தது. ஸ்ப்ளைஸிங் கூலியில் மிச்சம்பிடித்ததைக் கொத்தனாருக்குக் கொடுத்தேன்.

சிங்கிள்மோடு இழையில் ஒளி செல்லும் மையப்பகுதி ஏறத்தாழ 9 மைக்ரான்தான். தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன். சிறு தூசியே ஒளியை மறைத்துவிடும். ஆகவே மூடியைக் கழற்றியதும் துடைத்த பின்பே ஒவ்வொரு கனெக்டரையும் செருகினேன். அப்படியும் ஏழாம் இழை மட்டும் 2 டெசிபலுக்கு மேல் இழப்புக் காட்டியது. விற்றவரைக் குறைசொல்லத் தயாராகிவிட்டேன். கேபிள் முனைகள் வந்து சேரும் பேட்ச் பேனலில், கனெக்டரைச் செருகும் அடாப்டரின் உட்புறத்தைத் துடைத்ததும், தாளில் குறித்திருந்த அளவுக்கு அருகே அது இறங்கிவிட்டது.