நெத்திலி அவியலும் ரீஸ்லிங்கும்

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் செவிலியராகப் பணியாற்றும் அக்கா, சென்ற விடுமுறைக்குக் களியக்காவிளை வந்தபோது ரீஸ்லிங் என்னும் வெள்ளை ஒயின் இரண்டு புட்டிகள் கொண்டுவந்தார். “காரமான கறிக்கு இதுதான் பொருத்தம்னு அங்க எல்லாரும் சொல்லுவாங்க” என்று அவர் சொன்னதை நம்பி, முதல் நாள் இரவே குடம்புளி போட்டு, வற்றல்மிளகாய் தாராளமாக அரைத்த அயலைக் குழம்போடு ஒரு புட்டியைத் திறந்தோம். ஒயின் தண்ணீராக இளைத்துப்போனது. நாக்கில் எரிச்சல் மட்டும் இரட்டிப்பானது.

பிறகுதான் புட்டியில் ஒட்டியிருந்த தாளைக் கவனித்துப் படித்தேன். அதில் ‘ட்ரோக்கன்’ என்று இருந்தது. இனிப்பு ஏறக்குறைய முழுவதும் நொதித்து மதுவாகிவிட்ட ஒயினுக்கே அந்தச் சொல் உரியது: லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை வரையிலும், புளிப்பு அதற்கு ஈடாக இருந்தால் 9 கிராம் வரையிலும் விதி அனுமதிக்கிறது. காரத்துக்கு ரீஸ்லிங் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கருதுவது, சற்று இனிப்பு மிஞ்சியிருக்கும், மது குறைந்த வகையைத்தான். இனிப்பு மிளகாயைத் தணிக்கும். மது அதைத் தூண்டிவிடும். ‘ஷ்பேட்லேஸ’ என்ற சொல்லைக் கண்டு இனிப்பு என்று முடிவுகட்டுவதும் தவறு. அது பறிக்கும்போது திராட்சை எவ்வளவு பழுத்திருந்தது என்பதைக் குறிக்கிறதே தவிர, ஒயினின் இனிப்பை அன்று.

இந்த ஒயினின் உயிர் அதன் புளிப்பு. 50-வது அட்சரேகை மைன்ஸ் நகரின் ஊடாகவே செல்கிறது. அந்தக் குளிரில் திராட்சை மெதுவாகப் பழுப்பதால் புளிப்பு கரையாமல் நிற்கிறது. அருகிலுள்ள ரூசல்ஸ்ஹைம் ஊரின் 1435-ஆம் ஆண்டுக் கணக்கேட்டிலேயே ரீஸ்லிங் கொடி வாங்கிய பதிவு உண்டு.

அந்தப் புளிப்புக்கு இணை எங்கள் அடுப்பிலேயே இருந்தது. தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம், மஞ்சள் ஆகியவற்றைக் கொரகொரப்பாக அரைத்து, மாங்காய்த் துண்டுகளோடு நெத்திலியை மண்சட்டியில் வேகவைத்து, இறக்கும் நேரத்தில் பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் போட்டு மூடிவைத்தார் அம்மா. இரண்டாவது புட்டியை, குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் கழித்து, வெளியே முத்துமுத்தாய் வியர்த்திருந்தபோது ஊற்றினோம். ஒரு வாய் அவியலுக்குப் பின் நாக்கில் படிந்த தேங்காய்க் கொழுப்பை ஒரு மிடறு ஒயின் துடைத்தெடுத்தது; மாங்காயின் புளிப்பு அதன் பச்சை ஆப்பிள் மணத்தோடு ஒட்டிக்கொண்டது. மரச்சீனிக்கிழங்கை உடன் வைத்துத் தின்றபோது இன்னும் நன்றாக இருந்தது, ஏனெனில் கிழங்கின் மாவு ஒயினின் கூர்மையைச் சற்று மழுக்கியது.

ஆப்பத்துக்கு ஊற்றும் தேங்காய்ப்பால் இஷ்டு, மிளகு மட்டும் சேர்த்த இறால் வறுவல், பூசணியைத் தேங்காய்ப்பாலில் வேகவைக்கும் ஓலன் ஆகியவற்றோடும் இது சேரும் என்பது என் கணிப்பு. பாயசத்தோடு மட்டும் வேண்டாம். இனிப்புக்குப் பின் குடித்தால் வெறும் எலுமிச்சைச் சாறுபோல் ஆகிவிடும்.

குடம்புளிக் குழம்பை நான் கைவிடவில்லை. அடுத்த முறை ‘ஹால்ப்ட்ரோக்கன்’ என்று போட்ட, சற்று இனிப்பு மிஞ்சிய புட்டி ஒன்று வேண்டுமென அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.