காலையில ரெண்டு மாத்திரை

ஜூன் 14, 2025

இந்த மாசத்து மாத்திரை வாங்க ஆத்தைத் தாண்டி அம்பாசமுத்திரம் போனேன். மெடிக்கலில் புதுப் பையன் நின்றான். பெருங்குடல் புண்ணுக்கு நான் தினமும் போடுகிற மெசலமைன், 1.2 கிராம் என்று சீட்டை நீட்டினேன். "அது இப்ப ஸ்டாக் இல்லக்கா. 400 மில்லிகிராம் இருக்கு, மூணு சேத்துப் போட்டுக்கிடுங்க. எல்லாம் ஒண்ணுதான்."

கூட்டல் சரிதான். ஆனால் இந்த மருந்தில் உள்ளே இருப்பதைப் போலவே மேலே பூசியிருப்பதற்கும் வேலை இருக்கிறது. மெசலமைன் குடல் சுவரைத் தொட்டுத்தான் புண்ணை அடக்கும். வெறுமனே விழுங்கினால் மேல்குடலே அதை உறிஞ்சிக்கொண்டு மூத்திரத்தில் தள்ளிவிடும், பெருங்குடலுக்கு மிச்சம் வராது. அதனால்தான் வயிற்று அமிலத்தில் கரையாத உறை. என் மாத்திரை சிறுகுடலின் கடைசிக்குப் போய்த்தான் திறக்கும். வேறு சில தயாரிப்புகளில் மருந்து குருணை குருணையாக, மேலிருந்தே கொஞ்சங்கொஞ்சமாகக் கசியும். மாற்றக் கூடாது என்றில்லை, டாக்டரைக் கேட்டுவிட்டு மாற்றணும். நாளைக்கு வரவழைத்துத் தரச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் ஒரு அட்டை கூடுதலாக எப்போதும் கிடக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எந்த ஊருக்கு எந்த ரோடு இருக்கிறது என்றே தெரியாமல் கிடந்தோமே, அன்றிலிருந்து அந்தப் பழக்கம்.

ஜூன் 22

சின்ன மாமனார் வீட்டு விசேஷம். பந்தியில் என் பக்கத்து இலை பெரியம்மா ஆரம்பித்துவிட்டாள். "இப்ப நல்லாத்தான இருக்க? பெறகு எதுக்குட்டி தெனமும் மருந்த திங்க? கிட்னி போயிராதா?"

முதல் கேள்விக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எனக்கு இருப்பது அல்சரேட்டிவ் கொலைடிஸ், பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய். லேசான வகை, இடப்பக்கம் மட்டும். அடங்கிக் கிடக்கும், அற்றுப் போகாது. நல்லா இருப்பதே அந்த ரெண்டு மாத்திரையால்தான், அதை நிறுத்திப் பார்த்து நிரூபிக்கிற ஆசை எனக்கு இல்லை. 2003-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, நோய் அடங்கிய பிறகு மாத்திரையை ஒழுங்காகப் போடாதவர்களுக்கு அது திரும்பி வரும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல் என்று கண்டது. காய்ச்சலுக்குப் போடுகிற மாத்திரையை காய்ச்சல் நினைவூட்டும். இதை நினைவூட்ட ஒன்றுமே இருக்காது.

கிட்னி கேள்வியை மட்டும் நான் தள்ளுவதில்லை. பெரியம்மா சொன்னதில் ஒரு பொட்டு உண்மை உண்டு. அபூர்வமாகச் சிலருக்கு மெசலமைன் சிறுநீரகத்தில் அழற்சியை உண்டாக்கும், அதுவும் வலி கிலி இல்லாமல். அதற்காகத்தான் ரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் வெளியே தள்ளவேண்டிய கழிவு அது) மூத்திரமும் அவ்வப்போது பார்ப்பது. போன மாசம் கிரியேட்டினின் 0.8, சரியான அளவுதான். இதைச் சொன்னதும் பெரியம்மா, "என்னமோ, சொதி நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லு" என்றாள். நானும் ஊற்றிக்கொண்டேன். நோய் அடங்கியிருக்கையில் எனக்குச் சொதியும் ஒத்துக்கொள்ளும், இஞ்சிப் பச்சடியும் ஒத்துக்கொள்ளும். காரத்தால் வந்த நோயில்லை இது.

ஜூலை 8

நெல்லையப்பர் தேரோட்டம். டவுனில் ரதவீதி முழுக்கத் தலை. வடம் தொட்டுவிட்டு வந்ததும் இடுப்பு பிடித்துக்கொண்டது. மைனி கைப்பையிலிருந்து டைக்ளோபினாக் எடுத்தாள். எனக்கு அது ஆகாது. அந்த வகை வலி மாத்திரைகள் அடங்கின குடலைக் கிளப்பிவிடக்கூடும். பாரசிட்டமால் போட்டுக்கொண்டேன், வலி முக்கால்வாசி அப்படியேதான் இருந்தது.

ஜூலை 24

ஆடி அமாவாசை. காரையார் சொரிமுத்து அய்யனார் கோயில். நாங்கள் காலையில் போய் ராத்திரி திரும்புகிற ஆட்கள். காட்டுக்குள் கழிப்பறை வரிசையைப் பார்த்தால் நல்ல குடலுக்கே கலக்கும்.

சங்கிலி பூதத்தார் சன்னதியில் வைத்து அத்தை சொன்னாள், "ஒனக்காக நேந்திருக்கேன். இந்தச் சீக்கு இனி வராது. வீட்டுக்குப் போனதும் அந்த மாத்திரைய நிறுத்திரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. எனக்காக நேர்ந்துகொள்ள இன்னொரு உயிர் இருக்கிறது. ஆனாலும் சொன்னேன்: "நேர்ச்சைய செலுத்திருவோம் அத்தை. மாத்திரையும் இருந்துட்டுப் போட்டும். சாமி கோவிச்சுக்கிடாது."

"சாமி கோவிக்காது. எனக்குத்தான் கோவம் வருது" என்று பொங்கப்பானைப் பக்கம் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 3

ரெண்டு நாளாகச் சளியோடு கொஞ்சம் ரத்தம். அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால் பூதத்தார் மேல் பழி விழுமோ, என் மேல் விழுமோ.

பாளையங்கோட்டையில் குடல் டாக்டரைப் பார்த்தேன். எடுத்ததும் மருந்தைக் கூட்டாமல், மலப் பரிசோதனைக்கு அனுப்பினார். நம் ஊரில் ரத்தம் போனால் அது அமீபாவாகவும் இருக்கலாம். அமீபாவை இந்த நோய் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் ஆபத்தில் கொண்டுபோய் விடும். கிருமி ஒன்றுமில்லை. கால்புரொடெக்டின் மட்டும் 380. குடலில் அழற்சி இருந்தால் மலத்தில் ஏறுகிற புரதம் அது. 150-க்குக் கீழே இருந்தால் நிம்மதி.

ஸ்டீராய்டு இப்போது வேண்டாம் என்றார். மாத்திரையை இரண்டிலிருந்து நான்காக்கி, ராத்திரிக்கு மெசலமைன் எனிமா சேர்த்தார். வாய் வழியும் கீழ் வழியும் சேர்ந்தால் ஒன்றை மட்டும் விட நன்றாகக் கேட்கும்.

ஆகஸ்ட் 6

எனிமாவைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள், நான் எழுதுகிறேன். 60 மில்லி பாட்டில், உள்ளே 4 கிராம் மருந்து. நன்றாகக் குலுக்கணும். படுக்கப் போகும் முன் வெளிக்குப் போய்விட்டு வரணும். இடப்பக்கம் ஒருக்களித்து, மேல் காலை மடக்கி, நுனியில் கொஞ்சம் ஜெல்லி தடவி மெதுவாக அழுத்தணும். குடல் இடப்பக்கமாக வளைந்து ஏறுவதால்தான் இடப்பக்கம் படுப்பது. அரை மணி நேரமாவது அப்படியே கிடக்கணும், விடியும்வரை தங்கினால் உத்தமம். முதல் ராத்திரிகளில் தங்காது. புண்ணிருக்கும் குடல் எதையும் வைத்துக்கொள்ளாது. அதற்காக மருந்து கேட்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. கறை துணியில் பழுப்பாக ஏறிவிட்டால் போகாது, பழைய சேலையை நாலாக மடித்துப் போடுவது நல்லது. வீட்டுக்காரர் மட்டும் முதலில் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு "ஏதும் வேணுமா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "நீங்க போய்ப் படுத்தாப் போதும்" என்றேன்.

ஆகஸ்ட் 19

ரத்தம் நின்றுவிட்டது. நின்றதும் எனிமாவை விட்டுவிடக் கூடாது, சீட்டில் எழுதின வாரம் முடியணும். அதற்குப் பிறகு மறுபடி கால்புரொடெக்டின். நோய் கண்டு எட்டு வருசம் ஆகும்போது கண்காணிப்புக்காகக் கொலோனோஸ்கோப்பி, அதாவது குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது, செய்யணும், அது அடுத்த வருசம். பெருங்குடலில் நீண்ட நாள் இந்த நோய் இருந்தால் புற்றுக்கு வாய்ப்பு கூடும் என்பதால் அந்தக் கணக்கு. பயத்தை விட, அதற்கு முந்தின நாள் குடிக்கச் சொல்லும் மருந்துத் தண்ணிதான் எனக்குப் பெரிசு.

ஆகஸ்ட் 30

கடையத்திலிருந்து சொந்தக்காரப் பிள்ளை ஒருத்தி போன் செய்தாள். அவளுக்கும் இதே நோய், புதுசு. சல்பாசலசின் கொடுத்திருக்கிறார்கள். மூத்திரம் ஆரஞ்சாகப் போகிறது என்று அழுகை. அது மருந்தின் நிறம், ரத்தமில்லை. ஸ்வீடன் டாக்டர் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டு வாதத்துக்கென்று ஆரம்பித்த மருந்து அது, குடலுக்குக் கேட்டது. மெசலமைனை விட விலை குறைவு. போலிக் அமிலம் உடம்பில் சேர விடாமல் தடுக்கும் என்பதால் அதையும் கூடவே எழுதியிருப்பார்கள், பார் என்றேன். இருந்தது.

பிறகு மெல்ல, "சித்தி, பொண்ணு பாக்க வாராவ. சொல்லணுமா?" என்றாள். அம்மா சொல்லக் கூடாது என்கிறாளாம். பிள்ளை பெறுவதற்கு இந்த மருந்து தடையில்லை. கர்ப்பத்தில் பெரும்பாலும் தொடரத்தான் சொல்வார்கள், நோய் கிளம்பினால்தான் பிள்ளைக்குக் கேடு. அதைச் சொன்னேன். சொல்லணும் என்றும் சொன்னேன். ஒளித்துவைத்துத் தினமும் மாத்திரை போடுவது நடக்காது. ஒளிக்கத் தொடங்கினால் ஒரு நாள் விடும், அப்புறம் ரெண்டு நாள் விடும்.

"அம்மாட்ட நீங்க பேசுங்க" என்றாள். போனை மதினியிடம் கொடுத்தாள். மதினி எடுத்ததும் கேட்டது, "அங்க அப்பளம் இப்ப என்ன வெல?"

விலையைச் சொன்னேன். ஞாயித்துக்கிழமை நேரில் போகிறேன்.